ஓடையில் இறங்காத மாவிளக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்னால், சித்திரை மாதத்தில், எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையின் மாவிளக்கு நாளில் நடந்தது இது. எங்கள் ஊர் மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தக்காளியும் ராகியும் விளையும் ஊர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதினால் எதிரே யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையல் கேஸை லாரிகளில் கொண்டுவந்து, பெரிய டேங்குகளில் இறக்கி, சிலிண்டரில் நிரப்பி அனுப்பும் கம்பெனி அது. எங்கள் ஊர் ஓடையோரம் அதற்கு இடம் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே கொதித்தது. வெடித்தால் சாம்பல் அள்ளக்கூட ஆள் மிஞ்சாது என்று டீக்கடையில் பேசினார்கள். அந்த இடத்துக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது என் தக்காளிக் கொல்லைதான். அதனால் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பயம் இருந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, ஊராரிடம் கருத்துக் கேட்டார்கள். பக்கத்துக் கொல்லைக்காரன் என்பதால் மைக்கை என் கையிலும் கொடுத்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் எழுந்தேன். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து என் மனைவியின் தம்பி என்னை எங்கே பார்த்தாலும், "என்னா மாமா, ஒண்ணும் இல்லீங்களா?" என்றுதான் கேட்பான்.

மெல்ல மெல்ல ஊர் இறங்கி வந்தது. ரோடு போட்டுத் தருகிறோம் என்றார்கள். தண்ணீர் டேங்க் கட்டித் தருகிறோம், பிள்ளைகளுக்கு வேலை தருகிறோம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஊர் தலையாட்டியது. ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆட்டவில்லை.

மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு போகும் பாதை அந்த இடத்தை ஒட்டி, ஓடைக்குள் இறங்கி ஏறும். கூட்டத்துக்கு வந்திருந்த எஞ்சினியர் அம்மா ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "கேஸ் காத்த விட கனமுங்க. கசிஞ்சா மேல போகாது. தண்ணி மாதிரி பள்ளத்துல வந்து தேங்கி நிக்கும். பாதைய மட்டும் மேட்டுப் பக்கம் மாத்திக்கோங்க. சிமெண்ட் ரோடே போட்டுத் தரோம்."

அவ்வளவுதான். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. "ஆத்தா நடக்கற பாதைய மாத்தச் சொல்ல நீ யாரும்மா? உன் சுவர வேணா மாத்து!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கடைசியில் கம்பெனிதான் இறங்கி வந்தது. காம்பவுண்டுச் சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். பாதை பழைய இடத்திலேயே, சுவரை ஒட்டியபடி, ஓடைக்குள் இருந்தது. அன்றைக்கு ஊரில் விசில் பறந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கம்பெனி வந்தது. வாரா வாரம் திங்கட்கிழமை சைரன் அடித்துப் பார்ப்பார்கள். சைரன் கேட்டால் அடுப்பை அணைக்க வேண்டும், மேட்டுப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்துச் சாப்பாடும் போட்டார்கள். முதல் சில வாரங்கள் சைரன் கேட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தோம். பிறகு பழகிவிட்டது. அதற்கப்புறம், "சைரன் அடிச்சிடுச்சு, இன்னும் கொழம்பு வெக்கலியா?" என்று பெண்கள் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. பயப்பட வேண்டிய சத்தம் எங்களுக்குக் கடிகாரமாக ஆனது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். மொரப்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கி, தங்காமல் போய்விட்டது. மூன்றாவது முறை தங்கியிருந்தது. அப்போது ஆறாவது மாதம். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று என் மனைவி மாவிளக்கு வேண்டியிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து நெய் ஊற்றித் திரி வைத்தாள். எங்கள் ஊரில் தெருமுனையில் ஏற்றிய விளக்கு கோயில் போய்ச் சேரும்வரை அணையக் கூடாது. வழியில் அணைந்தால் வேண்டுதல் பலிக்காது என்பார்கள். காற்று அடித்தால் பெண்கள் முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு நடப்பார்கள்.

பண்டிகையில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. பெண்கள் வெறுங்காலோடு நடப்பதால் பாதை சுடாமல் இருக்க, முன்னால் போய்த் தண்ணீர் தெளிப்பது. என் கொல்லைத் தொட்டியில் குடத்தை நிரப்பி, ஊர்வலத்துக்கு முன்னால் தெளித்துக்கொண்டே போவேன். யாரும் செய்ய விரும்பாத வேலை. எனக்குப் பிடித்த வேலை. முன்னால் போகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். பம்பை அடித்துக்கொண்டு, பூசாரி பூங்கரகத்தோடு முன்னால் வர, பின்னால் வரிசையாக மாவிளக்குத் தட்டுகள். ஊர்வலம் என் கொல்லை வரப்புக்குப் பக்கத்தில் வந்தபோது கம்பெனியில் சைரன் அடித்தது. அன்று திங்கட்கிழமை இல்லை. ஆனால் யாருக்கும் அது உறைக்கவில்லை. "பாருங்கடி, கம்பெனிக்காரனும் ஆத்தாளுக்கு மரியாதை பண்றான்!" என்று யாரோ சொல்ல, பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் சிரித்துக்கொண்டே ஓடையை நோக்கி நடந்தேன்.

சரிவில் நாலு எட்டு வைத்திருப்பேன். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தேன். சித்திரை மாத வெயிலில், ஓடைக்குள் பனிமூட்டம் இறங்கியிருந்தது. மார்கழி விடியற்காலையில் வயலில் படுத்திருக்குமே, அதே மாதிரி வெள்ளையாக, சுவரின் அடியிலிருந்து வழிந்து, சத்தமே இல்லாமல் மணல் மேல் பரவிக்கொண்டிருந்தது. சுவரோரப் புல் உறைந்து வெளுத்துக் கிடந்தது. என் பாதத்தில் சில்லென்று பட்டது. அந்தக் குளிர்ச்சி இன்றைக்கும் சில நேரம் கனவில் காலில் ஏறி என்னை எழுப்பிவிடுகிறது.

சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு கம்பெனி வாட்ச்மேன் வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும், கன்னடக்காரர். தினமும் என் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்க வருவார். அவரும் என்னைப் போலவே பேசாத ஆள். தலையாட்டிக்கொள்வதோடு சரி. அன்றைக்கு அவர் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தார். கல்லில் ஷூ உரசி நெருப்புப் பொறி வரக்கூடாது என்றுதான் கழற்றினார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டி, "பெங்கி பேடா! பெங்கி பேடா!" என்று கத்தினார். நெருப்பு வேண்டாம் என்கிறார். அந்த அளவுக்குக் கன்னடம் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கத்தி முடிப்பதற்குள் இருமல் வந்து, சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வரப்பின் மேல் தெரு நீளத்துக்கு நெருப்பு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சுடர். முதல் வரிசையில் என் மனைவி.

அவரைத் தூக்கப் போவதா, இவர்களைத் தடுக்கப் போவதா என்று ஒரு கணம் கால் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அவர் கையை ஆட்டி, போ போ என்றார். ஓடினேன்.

ஊர்வலம் ஓடையில் இறங்குவதற்கு முன் சரவெடி கொளுத்துவது வழக்கம். என் மைத்துனன் சரிவின் வாயிலேயே சரத்தை நீட்டமாக விரித்துவிட்டு, கையில் புகையும் ஊதுபத்தியோடு குனிந்துகொண்டிருந்தான்.

"கேஸு..." என்றேன். பம்பைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னா மாமா, ஒண்ணும் இல்லீங்களா?"

ஊதுபத்தியைத் திரியை நோக்கிக் கொண்டுபோனான். என்னிடம் பேச்சு இல்லை. குடம் இருந்தது. இருந்த தண்ணீரை அப்படியே அவன் கை மேலும் சரத்தின் மேலும் கவிழ்த்துவிட்டேன்.

"யோவ் மாமா! பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? ஆத்தா வெடியில தண்ணி ஊத்தறியே!" என்று எகிறி என் சட்டையைப் பிடித்தான். பம்பை நின்றது. ஊர்வலம் என்மேல் வந்து முட்டி நின்றது.

"குடிச்சிருக்கானா?"

"அவன் சோடா குடிச்சாலே நாலு பேர் பாக்கறாங்களான்னு பாக்கற ஆளு. அவனா குடிப்பான்?"

"பின்ன என்னாத்துக்கு வழிய மறிச்சிக்கிட்டு மரமாட்டம் நிக்கறான்?"

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. கூட்டத்தில் மைக்கைப் பிடித்தபோது இருந்த அதே முகங்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பின்னால் அந்த வெள்ளை ஏறி வருகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவும் பயம்.

என் மனைவி தட்டோடு முன்னால் வந்தாள். தம்பியின் கையை என் சட்டையிலிருந்து தட்டிவிட்டு, "என்னாங்க?" என்றாள்.

அவளிடம் மட்டும்தான் எனக்குப் பேச வரும். "கேஸு. ஓடை பூரா நிக்குது. வெளக்கு..." என்றேன். அதற்குமேல் 'அணை' என்ற வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் தட்டில் எரிந்துகொண்டிருந்தது யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாக ஓடையைப் பார்த்தாள். அப்போது லேசாகக் காற்று திரும்பி நாற்றத்தைக் கொண்டுவந்தது. அவள் மூக்கு விடைத்தது.

மாவிளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. அவள் வலது கைப் பெருவிரலை எரிகிற திரியின் மேலேயே வைத்து, மாவோடு மாவாக அழுத்தினாள். சுர்ரென்றது. ஒரு நூல் புகை எழுந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. புகை நின்றபிறகுதான் எடுத்தாள்.

பிறகு திரும்பி நின்று, நான் ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்தாலும் வராத குரலில் கத்தினாள். "அடியே, எல்லாரும் வெளக்க அமுக்குங்கடி! ஊதாத, மாவோட சேத்து அமுக்கு! கேஸு வருது! திரும்பி மேட்டுக்கு ஓடுங்க!"

யாரும் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, "நோம்பி வெளக்க நடுவழியில அணைக்கச் சொல்றியே, உனக்கு நல்ல வாயே வராதாடி?" என்றார்.

"என் பொண்ணு வயித்துக்கு வெச்ச வெளக்கையே அணைச்சிட்டன். உன்னுது என்னாத்துக்கு எரியணும்?"

என் மகளின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் அந்தப் பெரியம்மாதான் தன் விளக்கை அமுக்கினார். பக்கத்தில் ஒருத்தி அமுக்கினாள். பின் வரிசை, அதற்கும் பின் வரிசை என்று ஒவ்வொரு சுடராக அணைந்துகொண்டே போனது. அத்தனை பெண்களும் அழுதுகொண்டே அமுக்கினார்கள். மைத்துனன் பின்னால் ஓடி, ஒலிபெருக்கி வண்டியின் ஜெனரேட்டரை நிறுத்தினான். பூசாரி கரகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார். வாட்ச்மேன் ஓடையோரம் விழுந்து கிடக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கத்திக் கூப்பிட, இரண்டு ஆண்கள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி மேல் பக்கமாகப் போனார்கள். நானும் போனேன். ஆளைத் தூக்கி வந்தபோது மூச்சு இருந்தது.

பள்ளிக்கூடத்து மேட்டிலிருந்து கீழே பார்த்தோம். அந்த வெள்ளை ஓடை நிரம்பிச் சரிவில் மெல்ல ஏறி, நனைந்து கிடந்த சரவெடியைத் தடவிக்கொண்டு என் கொல்லை வரப்பு வரை வந்து நின்றது. சற்று முன் நாங்கள் அத்தனை பேரும் நெருப்போடு நின்ற இடம். மைத்துனன் தன் கையில் இருந்த ஊதுபத்திக் குச்சியைப் பார்த்தான். அதைக் கீழே போடக்கூட அவனுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். வெகு நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

கம்பெனிக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பாலக்கோட்டிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தன. லாரியிலிருந்து கேஸ் இறக்கும் குழாய் பிய்ந்துவிட்டதாம். அடைத்துவிட்டார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. வாட்ச்மேன் சில நாள் தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்போதும் தண்ணீர் பிடிக்க வருகிறார். இப்போதும் தலையாட்டிக்கொள்கிறோம். ஆனால் அவர் குடத்தை நான்தான் தூக்கிவிடுகிறேன்.

ஊருக்கு வந்த ஆபத்து அன்றோடு விலகியது. எங்கள் வீட்டில் வேறொரு பயம் அன்றுதான் ஆரம்பித்தது.

அன்று மாவை யாரும் சாப்பிடவில்லை. வழக்கமாகப் பிட்டுப் பங்கு போடுவார்கள். என் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் கொப்புளித்திருந்தது. மஞ்சள் வைக்கப் போனேன், கையை இழுத்துக்கொண்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்லீங்க?"

அவள் மடியிலிருந்த தட்டை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

மகளிடம் சொல்லவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். யார் எடுப்பது என்று. தக்காளி பறித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவள் கை நின்றுவிடும். அந்தச் சுர் சத்தம் அவள் காதில் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் கேட்கும்.

இதற்கு நடுவில் மறுபடி ஷாமியானா போட்டார்கள். கம்பெனியை மூடு என்று ஒரு பக்கம், எங்கள் பையன்கள் வேலைக்கு எங்கே போவார்கள் என்று ஒரு பக்கம், ஒரே கூச்சல். அதே எஞ்சினியர் அம்மா வந்திருந்தார். நான் அன்றே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். மைத்துனன் மைக்கை என்னிடம் கொண்டுவந்தான். கிண்டல் செய்யவில்லை. "பேசு மாமா" என்றான்.

எழுந்தேன். மைக்கை வாங்கினேன். "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன். வேறொன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியம்மா, "எனக்குந்தான்" என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பார்த்தால், ரோடு கேட்டோம், டேங்க் கேட்டோம், வேலை கேட்டோம். பயமாக இருக்கிறது என்று அதுவரை யாருமே கூட்டத்தில் சொன்னதில்லை. அதற்கப்புறம்தான் பேச்சு ஒழுங்காக நடந்தது. லாரி இறக்கும் இடத்தை ஓடைக்கு எதிர்ப்புறம் மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். பாதையைப் பற்றி யாருக்கும் வாய் வரவில்லை. சாமியிடம் பூ கேட்டோம். அம்மன் தலையில் வைத்த வெள்ளைப் பூ, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, வலது பக்கம் விழுந்தது. மேட்டுப் பாதைக்கு உத்தரவு கிடைத்தது என்று பூசாரி சொன்னார்.

ஆடி மாதம் ஒரு காலையில் போன் அடித்தது. நான் எடுத்தேன். காதில் வைக்காமலே மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவள் காதில் வைத்தாள். போனை என் காதுப் பக்கம் நீட்டினாள். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பெண் குழந்தை. அன்றைக்குத்தான் என் மனைவி சத்தம் போட்டு அழுதாள்.

கம்பெனி இன்னும் அங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை சைரன் அடிக்கிறது. இப்போது அது எங்கள் ஊருக்குக் கடிகாரம் இல்லை. சோறு பாதி வேக்காட்டில் இருந்தாலும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் நிற்கும்வரை வாசலில் வந்து நிற்கிறாள். எதிர் வீட்டிலும் அப்படியே நிற்கிறார்கள். பேத்தி வந்திருந்தால் அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அப்போது பேத்தி, பாட்டியின் பெருவிரலில் இருக்கும் பளபளப்பான தழும்பைத் தடவிக்கொண்டிருப்பாள். அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு ஊர் ஒப்புக்கொண்டால், பயத்தையும் கூடவே வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை நான் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் திங்கட்கிழமைதோறும் நினைத்துக்கொள்கிறேன்.